இரவுக் காப்பகம் தொடங்க எந்த லைசென்ஸ் வேண்டும்?

"மதுரையில் நண்பர்கள் சேர்ந்து 900 சதுர அடியில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பவர்களில் 30 பேரை இரவில் தங்கவைக்கலாம் என்று இருக்கிறோம். யாரிடம் உரிமம் வாங்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த ஹால் 30 பேருக்குப் போதாது. நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்கிறது, அப்படிப் பார்த்தால் உங்கள் ஹாலில் 18 பேர்தான். மழைக்காலத்தில் இன்னும் நாலு பேர் வந்து நின்றால் மனசு கேட்காது, தெரியும். அதற்காகத்தான் பக்கத்தில் உள்ள மாநகராட்சிக் காப்பகத்தோடு முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்கிறேன்.

சரி, உரிமம். 'வீடற்றோர் காப்பகம்' என்ற பெயரில் தனி லைசென்ஸ் தேடி அலையாதீர்கள், உள்ளே யார் படுக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் சட்டம். பெண்களைத் தங்கவைத்தால் 2014-ம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டப்படி கலெக்டரின் உரிமம் வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றுகள் கேட்பார்கள். அம்மாவோடு வரும் குழந்தை வேறு, தனியாக வரும் குழந்தை வேறு. தனியாக வந்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியே ஆக வேண்டும், பாவம் என்று நீங்களே வைத்து வளர்க்க முடியாது. மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துப் பராமரிப்பதென்றால் 2017 மனநலச் சட்டப்படி பதிவு வேண்டும். என்னைக் கேட்டால் முதல் வருஷம் ஆண்கள் 18 பேரோடு தொடங்குங்கள், சிகிச்சை தேவைப்படுபவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.

எந்த உரிமம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: இரவில் வெளியிலிருந்து பூட்டுப் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். உங்களுடையது மாடி ஹால், இரண்டாவது படிக்கட்டு இல்லையென்றால் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

குடிநீர், கழிப்பறை, கொசுவலை, துவைத்த போர்வை, முதலுதவிப் பெட்டி, பொருள் வைக்க ஒரு லாக்கர், இவையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கணக்கில் வர வேண்டும். இரவு முழுக்க விழித்திருக்க ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். வருகிறவரின் பெயரை நோட்டில் எழுதுங்கள், ஆனால் ஆதார் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், அதை எடுத்துக் கொடுப்பதே உங்கள் வேலையில் பாதி.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள். மாநகராட்சியே கட்டடம் கொடுத்து, தொண்டு நிறுவனம் நடத்துகிற முறை ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் குழுவுக்கு அது கிடைத்தால் வாடகைப் பணம் சாப்பாட்டுக்கு மிஞ்சும்.