ஏலகிரி வளைவில் வாந்தி வருபவர் சிமுலேட்டரில் ஏறலாமா?

ஏறலாம். ஆனால் வேலூரிலிருந்து பஸ்ஸில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் இறங்கிய கையோடு, திரைக் காட்சிக்கேற்ப இருக்கை குலுங்கும் இந்த விளையாட்டில் ஏற வேண்டாம். வயிறு அடங்கும்வரை நிழலில் உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும், ராட்டினத்தில் ஒன்றும் ஆகாது, அதனால் சிமுலேட்டரும் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ராட்டினத்தில் கண் பார்ப்பதைத்தான் உடம்பும் உணர்கிறது. சிமுலேட்டரில் திரை உங்களைப் பாதாளத்தில் தள்ளும். இருக்கையோ கொஞ்சம் சாய்ந்து குலுங்குவதோடு சரி. விழுகிறோம் என்று கண் சொல்கிறது, இல்லை என்று உடம்பின் அசைவை உணரும் உட்காது (காதின் உட்பகுதி) சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ரோலர் கோஸ்டரின் முன்னிருக்கையிலிருந்து எடுத்த வீடியோவை, விளக்கை அணைத்து, டிவிக்குக் கிட்டே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். தலை கனத்து வாயில் எச்சில் ஊறினால் சிமுலேட்டரை விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும் அதை முழு உத்தரவாதமாக நினைக்க வேண்டாம்.

ஏறினால் தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வையுங்கள். குமட்டல் தொடங்கியதுமே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு அதுதான் கைகொடுத்தது.

குமட்டலுக்கு மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, பயணத்துக்கு முன்பே போடுங்கள். தூக்கம் வரும், அதனால் அன்று இரவு திரும்பி வந்ததும் பைக்கை நீங்கள் ஓட்டாதீர்கள். கர்ப்பம், இதய நோய், கழுத்துப் பிரச்சினை இருந்தால் ஏறவே வேண்டாம்.