மருத்துவர் பதில்: கையை வைத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ். அதற்காக இடது கையில் பிளாஸ்டிக் கிராஃப்ட் (தமனியையும் சிரையையும் இணைக்கும் செயற்கைக் குழாய்) வைத்து மூன்று மாதமாகிறது. நைட்ரிக் ஆக்சைடு வெளிவிடும் புதுக் குழாய் அடைக்காதாமே, மாற்றலாமா? இப்போதைக்கு பீட்ரூட் சாறும், நைட்ரிக் ஆக்சைடு பவுடரும் தருகிறேன். ஊசி குத்திய இடம் கன்றிப்போகிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு கிராஃப்ட் அடைத்துவிட்டது.

பதில்: முதலில் பீட்ரூட் சாற்றை நிறுத்துங்கள். இன்றே. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ஏறினால் இதயம் தடுமாறும், நின்றும் போகும். பவுடரும் வேண்டாம். ரத்தத்தில் கலந்த நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகூடத் தாங்காது, சிவப்பணு அதை விழுங்கிவிடும். வாயில் போட்டுக்கொண்டது கையிலிருக்கும் குழாயைப் போய்க் காக்காது.

நீங்கள் படித்தது பொய்யல்ல. நம் ரத்தக்குழாயின் உட்சுவர் ஓயாமல் இந்த வாயுவைச் சுரக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வாயு உடலில் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மூவருக்கு நோபல் கிடைத்தது. அப்பாவின் கையில் இருப்பது பெரும்பாலும் டெஃப்லான் குடும்பத்துக் குழாய், தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த வகை. அது எதையும் சுரக்காது. அதனால் சுரக்கும் குழாயைச் செய்து பார்க்கிறார்கள். சிக்கல், ஏற்றி வைத்த சரக்கு நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துவிடுகிறது; குழாயோ வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் சேர்மங்களிலிருந்தே வாயுவைப் பிரித்தெடுக்கச் செம்பு கலந்தும் முயல்கிறார்கள். டயாலிசிஸ் கிராஃப்டாக மாட்டிக்கொள்ளும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கிராஃப்டை யாரும் பிடுங்கவும் மாட்டார்கள்.

உங்களை எழுத வைத்தது பக்கத்துப் படுக்கைதான், இல்லையா? அடைப்பை வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய வழி, கை வைத்துப் பார்ப்பது. கிராஃப்ட் மேல் விரல்களை வைத்தால் மோட்டார் ஓடுவதுபோல விர்ரென்று அதிர வேண்டும். காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிய நாளில் கூடுதலாக ஒரு முறை. அதிர்வு நின்றுவிட்டால், நாளை மறுநாள் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். நள்ளிரவானாலும் உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் வந்தால் உறைந்த ரத்தக் கட்டியை எடுத்து அதே குழாயை ஓடவைக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். ஊசி எடுத்தபின் ரத்தம் வழக்கத்தைவிட நெடுநேரம் நிற்காவிட்டாலும் சொல்லுங்கள்: கிராஃப்ட் சிரையோடு சேரும் இடம் சுருங்கத் தொடங்கியிருக்கலாம்.

கன்றிப்போவதா? ஊசி குத்தினால் கன்றத்தான் செய்யும். வீங்கிக்கொண்டே போனால் காட்டுங்கள்.