சில்லறையில வர்ற பளபள காசு: தயவுசெஞ்சு தேய்க்காதீங்க

தூத்துக்குடியில பெட்டிக்கடை வச்சிருக்கிற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "கடைக்கு வர்ற சில்லறையில புதுசா மின்னுற காசை எல்லாம் ஒரு பாட்டில்ல சேத்து வைக்கிறேன். ஆறு மாசத்துல அஞ்சு ரூபா காசெல்லாம் கருத்துப் போச்சு, ஒரு ரூபா மட்டும் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர் நாலஞ்சு காசை புளி போட்டு தேச்சாரு, பளிச்சுனு ஆயிருச்சு. எல்லாத்தையும் இப்படியே பண்ணிரலாமா? ஏதாவது விலை வருமா?"

அக்கா, மொதல்ல வீட்டுக்காரர் கையில இருந்து அந்தப் புளியை வாங்கி ரசத்துல போடுங்க.

காசுல பளபளப்பு ரெண்டு வகை. அச்சுல இருந்து வந்த பளபளப்பு ஒண்ணு, நாம தேச்சுக் கொண்டு வர்ற பளபளப்பு இன்னொண்ணு. நாணயச்சாலையில அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவுல இருந்து ஓரத்துக்கு லேசா ஓடும், அப்ப கண்ணுக்குத் தெரியாத அளவுல ரொம்ப மெல்லிசா கோடு கோடா பதிஞ்சிரும், வெளிச்சம் அந்தக் கோட்டுல பட்டுத்தான் மின்னுது. ராத்திரி ஒரே ஒரு பல்பு மட்டும் போட்டுட்டு புதுக் காசை ஓரத்துல பிடிச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க, வெளிச்சம் ஒரு பட்டையா சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி காசு மேல சுத்தி வரும். அடுத்து புளி போட்ட காசை அதே மாதிரி பிடிங்க. மின்னும், ஆனா சுத்தாது. புளியில இருக்கற அமிலம் மேல் தோலை அரிச்சிருச்சு, தேச்ச தேப்புல கீறலும் விழுந்திருச்சு. கலெக்டர்ஸ் இதை ஒரு நொடியில கண்டுபிடிச்சுருவாங்க, போன கோடு திரும்ப வராது. நானும் ஸ்கூல் படிக்கறப்ப 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் அஞ்சு ரூபாயை டூத்பேஸ்ட் போட்டு தேச்சவன்தான், இன்னும் வச்சிருக்கேன், மூஞ்சி கழுவி விட்ட மாதிரி இருப்பாரு வள்ளுவர்.

சரி, அஞ்சு ரூபா மட்டும் ஏன் கருக்குது? 1992-ல இருந்து வர்ற ஒரு ரூபா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்துல ஒட்டும், அது பத்து வருஷம் ஆனாலும் மின்னிக்கிட்டே இருக்கும், அதனால மின்னுதுங்கறதுக்காக மட்டும் எடுத்து வைக்காதீங்க. 2009-க்கு அப்புறம் வந்த மஞ்சள் அஞ்சு ரூபா நிக்கல் பித்தளை, அதுல முக்கால்வாசி செம்பு. பத்து ரூபா காசோட வெளி வளையத்துலயும் செம்புதான் அதிகம். செம்புக்கு ஈரமும் ஆகாது, உப்புக் காத்தும் ஆகாது, கை வேர்வையும் ஆகாது. உங்க ஊரு கடல் காத்துல ஆறு மாசம் தாங்குனதே பெரிசு.

அதனால இனிமே கல்லாவுல நல்ல காசு ஒண்ணு மாட்டுச்சுன்னா ரெண்டு விரலால ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, காசோட முகத்துல கட்டை விரல் படக்கூடாது, இன்னைக்கு வச்ச ரேகை மூணு மாசம் கழிச்சு பழுப்பா எந்திரிச்சு வரும். பாட்டில்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டா உரசி உரசியே செத்துரும். காயின் கடையில நடுவுல தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் வச்ச சதுர அட்டை ஹோல்டர் கிடைக்கும், மைலார்னு கேட்டு வாங்குங்க. வழவழன்னு வளையுற, திறந்தா புது ரெயின்கோட் வாசம் அடிக்கிற ஆல்பம் பி.வி.சி., அது வேண்டவே வேண்டாம், நாள்பட காசு மேல பிசுபிசுன்னு பச்சையா படியும். ரப்பர் பேண்டும் போடாதீங்க, அதுல கந்தகம் இருக்கு. அட்டைகளை எல்லாம் மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு, புது ஷூ பெட்டியில வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அதுல ரெண்டு போட்டு பீரோவுல வைங்க. பூஜை ரூம் மட்டும் வேண்டாம், குங்குமம், கற்பூரப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேந்து காசை ஒரு வழி பண்ணிரும்.

அழுக்கு இருந்தா? பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, தேய்க்காம, மெத்துனு துணியில ஒத்தி எடுங்க. அவ்ளோதான். கருத்தது கருத்தபடியே இருக்கட்டும், அதுவும் காசோட வயசுதான்.

எதை எடுத்து வைக்கணும்னு கேட்டா, வருஷத்துக்குக் கீழ பாருங்க, எந்த ஊரு நாணயச்சாலையில அடிச்சதுன்னு குறி இருக்கும். சின்னதா டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. ஒரே வருஷத்துக்கு நாலு ஊரும் கிடைக்குதான்னு தேட ஆரம்பிச்சா விட மாட்டீங்க, கடைக்காரங்களுக்கு இது சுலபமும் கூட. அப்புறம் நம்ம ஊரு சம்பந்தப்பட்டது: 2009-ல வந்த அண்ணா நூற்றாண்டு அஞ்சு ரூபா, அதுல தமிழ்ல அவர் கையெழுத்தே இருக்கும், 2010 தஞ்சாவூர் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு காசு, காமராஜர் காசு. இதெல்லாம் இன்னும் சில்லறையோட சில்லறையா சுத்திக்கிட்டு இருக்கு.

விலை விஷயம். கையில புரண்ட காசுக்கு பெரும்பாலும் முகத்துல போட்டிருக்கற விலைதான், அச்சடிச்சபடியே இருக்கற நினைவு நாணயத்துக்கு கொஞ்சம் கூடும். வைஷ்ணோ தேவி காசுக்கு லட்ச ரூபாய்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி யாருக்கும் "கமிஷன்" அனுப்பிராதீங்க, எங்க பேரைச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே அறிக்கை விட்டுச்சு, பழைய காசு வாங்கி விக்கிற வேலையே நாங்க பாக்கலைன்னு.

அந்தப் புளி போட்ட நாலஞ்சு காசை நாளைக்கு வர்றவங்களுக்கு மீதியா குடுத்துருங்க. அதுக்கு முன்னாடி அதுல அண்ணா இருக்காரான்னு மட்டும் பாத்துருங்க, இருந்தா தேஞ்சு போயிருந்தாலும் பரவாயில்ல, வேற ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் வச்சுக்கங்க.