தோடர் பெண்கள் வரைபடமே இல்லாமல் எப்படிப் பூத்தையல் போடுகிறார்கள்?

நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள் துணியில் ஒரு கோடுகூடப் போட்டுக்கொள்வதில்லை. தடித்த வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள், கணக்கெல்லாம் மனதில்தான். நூல் சிவப்பும் கறுப்பும். நூலை முழுக்க இழுத்துவிடாமல் சின்னக் கண்ணியாக விடுவதால், தடவினால் விரலில் மேடு தட்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தொடுகைதான்.

சரி, வடிவம் எங்கிருந்து வருகிறது? எருமைக் கொம்பு, மலை, பூ என்று கண்ணெதிரே இருப்பவைதான். எருமை அவர்களுக்குத் தெய்வீகமானது, எருமைப் பாலைப் பதப்படுத்தும் பால்மனைதான் கோயில்.

அம்மா, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கைகள் அவை. பூத்துக்குளி என்னும் இந்தப் பூத்தையல் போட்ட போர்வையை விழாவுக்கும் போர்த்திக்கொள்வார்கள், இறந்தவர் உடலுக்கும் போர்த்துவார்கள். 2013இல் இந்தப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் வாங்கினால் தடவிப் பார்த்து வாங்குங்கள். அச்சடித்த துணியில் அந்த மேடு இருக்காது.