வகுப்புக்கு அனுப்பினால் பார்சல் தவறு நிற்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் சிறிய உணவகம் நடத்துகிறேன். இரண்டு ஷிஃப்டில் 16 பேர் வேலை செய்கிறார்கள். பார்சலில் சட்னி விடுபடுகிறது, சைவ ஆர்டரில் அசைவக் குழம்பு போய்விடுகிறது. தவறுக்கு 20 வெள்ளி என்று சம்பளத்தில் பிடித்தும் குறையவில்லை. எல்லாம் தெரிந்த கேப்டனும் வேறு கடைக்குப் போய்விட்டார். ‘குழுத் தலைமைத்துவப் பயிற்சி தருகிறோம், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை, பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார் ஓர் ஏஜெண்ட். ஆட்களை அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயிற்சிக் கட்டணச் சலுகை பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்கள் சமையலறையில் நிற்பவர்களில் சிலராவது ஒர்க் பெர்மிட்டில் இருக்கலாம். அப்படியென்றால் ‘ஒரு காசு செலவில்லை’ என்பது யார் கணக்கில்? நடக்காத வகுப்புக்கு வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவது பழைய வேலை. 2017இல் போலி நிறுவனங்களை வைத்து, அரசின் திறன்பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியில் ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளி சுருட்டியது தெரியவந்தது. விசாரணை என்று வந்தால் விண்ணப்பத்தில் இருக்கும் பெயர் உங்கள் நிறுவனத்துடையது, ஏஜெண்டுடையது அல்ல. சிங்பாஸ் (அரசு இணையச் சேவைக்கான உங்கள் தனிநபர் அடையாளம்) விவரமோ கார்ப்பாஸ் (நிறுவனத்துக்கான அனுமதி) உரிமையோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை, நீங்களே செய்யலாம். கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பவரும் இந்தக் கூட்டம்தான்.

நேர்மையான பயிற்சி நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் நிதி தருபவர்கள் அவர்களிடமும் பெரும்பாலும் சான்றிதழ் எத்தனை, வருகை எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்த மறுமாதம் கடையில் என்ன மாறியது என்று வந்து பார்ப்பவர் அரிது. இவ்வளவு பொதுப் பணம் போகும் இடத்தில் அதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

இனி உங்கள் கடைக்கு வருவோம். காலை ஷிஃப்ட் 3 மணிக்குள் கற்றுக்கொண்டது மாலை ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. கேப்டன் கற்றுக்கொண்டது அவரோடு போய்விட்டது. 20 வெள்ளி பிடிப்பதால் இது இன்னும் மோசமாகிறது. காசு போகும் என்று தெரிந்தால் யார் வாய் திறப்பார்கள்? சட்னி விடுபட்டதை வாடிக்கையாளர் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். அந்தப் பிடித்தத்தை இன்றே நிறுத்துங்கள்.

‘சட்டத்தில் இடமிருக்கிறதே’ என்பீர்கள். இடம் எவ்வளவு என்று பாருங்கள். வேலை நியமனச் சட்டப்படி, ஊழியரின் நேரடித் தவறால் பணமோ பொருளோ சேதமானாலோ தொலைந்தாலோ பிடிக்கலாம். அதற்கு முன் விசாரணை நடத்தி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. ஒரே தடவையாகத்தான் பிடிக்க வேண்டும். கல்லாவை வைத்திருப்பவர் 300 வெள்ளியைத் தொலைத்து, விசாரணையிலும் அவர் தவறுதான் என்று தெரிந்தால் அது இந்த விலக்கில் வரும். சட்னி கிண்ணத்துக்கு 20 வெள்ளி என்று நீங்களே விலை வைத்தால் வராது, அது அபராதம். ‘வேலைக்குச் சேரும்போதே சம்மதக் கையெழுத்து வாங்கிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சம்மதத்தை ஊழியர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இதுவரை பிடித்ததை அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுத்து, சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். முதலாளி மாறிவிட்டார் என்பதை ஆட்கள் அதில்தான் நம்புவார்கள்.

அடுத்து, இரண்டு ஷிஃப்டும் 15 நிமிடம் ஒன்றாக நிற்கும்படி நேரத்தை மாற்றுங்கள். போகிற பொறுப்பாளர், வருகிற பொறுப்பாளர், சமையலறையிலிருந்து ஒருவர் ஆகிய மூவரும் பார்சல் மேசை பக்கத்தில் நின்றபடியே பேசட்டும். என்ன தீர்ந்துபோனது, என்ன நழுவியது, எந்த ஆர்டர் பாதியில் இருக்கிறது என்ற மூன்று விஷயம் போதும். இதை வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அது காணாமல் போகும். அந்த 15 நிமிடமும் வேலை நேரம்தான். அதற்கும் சம்பளம் உண்டு, மிகைநேரமானால் ஒன்றரை மடங்கு.

மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, என்ன நடந்தது, வேலையின் எந்தக் கட்டத்தில், என்ன மாற்றினோம் என்று நான்கு நெடுவரிசை. யார் செய்தது என்பதற்கு இடம் வேண்டாம். எழுத வராதவர் சொல்லட்டும், பொறுப்பாளர் எழுதிக்கொள்ளட்டும். வாரம் ஒரு நாள், கூட்டம் குறைந்த பிற்பகலில், ஒரே ஒரு தவறை எடுத்து 20 நிமிடம் பேசுங்கள். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம்? தேசிய சேவை செய்தவர்களுக்கு இது பழகிய ஏஏஆர்தான், அதாவது வேலை முடிந்ததும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

சட்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரிக்காரர் அவசரப்படுத்துகிறார், பையின் முடிச்சைப் போட்டுவிடுகிறார்கள், அதன் பிறகுதான் கவுண்டரின் மறுகோடியிலிருந்து சட்னி வருகிறது. சீட்டிலோ ‘செட் ஏ’ என்று மட்டும் இருக்கிறது. அதில் வடையும் இரண்டு சட்னியும் உண்டு என்பது புதியவருக்குத் தெரியாது. சட்னிக் கிண்ணங்களைப் பார்சல் மேசையின் இடது பக்கம் கொண்டுவாருங்கள். செட்டில் என்னென்ன என்று படத்துடன் சுவரில் ஒட்டுங்கள். இன்னொருவர் சீட்டில் டிக் போடும்வரை முடிச்சு கூடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பேசுங்கள். அப்படியும் மதியம் 12.30க்கும் 1.30க்கும் இடையில் மட்டும் நழுவினால், அந்த நேரத்தில் டெலிவரி ஆர்டரை ஏன் எடுக்கிறோம் என்றே கேளுங்கள். டேப்லெட்டில் சிறிது நேரம் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.

சைவ, அசைவக் கலப்பு மட்டும் வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பார்த்தவர் யாராக இருந்தாலும், பாத்திரம் கழுவுபவரே ஆனாலும், அந்தத் தட்டை நிறுத்தலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவையுங்கள்.

முதல் சில வாரங்களில் நோட்டில் தவறுகள் கூடும். பயந்துவிடாதீர்கள். 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம் என்று கண்டார். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கேப்டன் விட்டுச்சென்ற இடத்துக்கு ஒரு பெரிய தாள் போதும். இடது பக்கம் வேலைகள்: கல்லா முடிப்பது, தேக்கா சந்தைக்கு ஆர்டர் சொல்வது, கேட்டரிங் விலை சொல்வது, டெலிவரி டேப்லெட், இரவு கேஸ் அடைப்பது. மேலே ஆட்களின் பெயர்கள். உதவியில்லாமல் தனியாகச் செய்து காட்டியவருக்கு மட்டும் டிக். ‘தெரியும்’ என்று சொல்வதற்கு டிக் கிடையாது. ஒரே டிக் உள்ள வரிசைதான் அடுத்து உங்களைக் கவிழ்க்கப்போவது. இந்த வாரமே தெரிந்தவர் செய்ய இன்னொருவர் பார்க்கட்டும், அடுத்த வாரம் அவர் செய்ய இவர் பார்க்கட்டும். எல்லா வரிசையிலும் இரண்டு டிக் விழுந்த பிறகும் பொறுப்பாளருக்குக் கூட்டம் நடத்தத் தயக்கம் இருந்தால், அவர் ஒருவரை மட்டும், பாடமொழி எது என்று கேட்டுக்கொண்டு, நீங்களே நேரடியாகப் பதிந்து வகுப்புக்கு அனுப்புங்கள்.