கருவும் கதிரும்: டோஸ் மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: வரிக்குதிரை மீன் கருக்களில் கதிர்வீச்சு எப்படிச் செல்களைக் கொல்கிறது என்று ஆய்வு செய்யப்போகிறேன். கதிரின் ஆற்றலைக் கூட்டினால் என்ன, நேரத்தைக் கூட்டினால் என்ன, விளைவு ஒன்றுதானே?
– முதுகலை மாணவி

பதில்: ஒன்றல்ல. நேரத்தை இரட்டித்தால் டோஸ், அதாவது கரு உறிஞ்சும் மொத்தக் கதிர் ஆற்றல், இரட்டிக்கும், அது எளிய கணக்கு. எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை ஏற்றினாலோ இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும்: கதிர் ஆழமாக ஊடுருவும், வெளிவரும் கதிரின் அளவும் கூடும். அதனால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் டோஸை அளந்தே ஆக வேண்டும். அளந்து, டோஸைச் சமமாக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை: ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர், கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் காமா கதிரைவிடச் சற்று அதிகமாகவே கொல்லும். காயங்கள் டிஎன்ஏவில் நெருக்கமாக விழுவதுதான் காரணம்.

சரி, நேரத்துக்கு வருவோம். ஒரே டோஸை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணி நேரம் விட்டுக் கொடுத்தால் அதிக செல்கள் பிழைப்பதை எல்கைண்ட், சட்டன் என்ற கதிர்வீச்சு ஆய்வாளர்கள் 1959-இலேயே காட்டிவிட்டார்கள். இடைவேளையில் செல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. மெதுவாக, நீட்டிக் கொடுத்தாலும் இதே கதைதான்.

ஆனால் கரு சும்மா உட்கார்ந்திருக்காதே! ஒற்றைச் செல்லாகத் தொடங்கியது 24 மணி நேரத்தில் கண்ணும் வாலுமாக நிற்கும். நீண்ட நேரம் கதிரில் வைத்தால் நீங்கள் தொடங்கிய கரு வேறு, முடிக்கும் கரு வேறு. முதல் சில மணி நேரத்தில் செல்கள் கால் மணிக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே போகும். அடிபட்டாலும் உடனே சாகாது. அதே கருவை 24-ஆம் மணியில் கதிரில் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து செத்துக்கொண்டிருக்கும் செல்களை ஒளிரவைக்கும் அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தில் ஊறவைத்துப் பாருங்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் பச்சைப் புள்ளிகள் மொய்த்திருக்கும். டிஎன்ஏ பழுதான செல்லைச் சாகத் தூண்டும் பி53 புரதம் வேலை செய்யாத கருவில் அவை வெகுவாகக் குறைந்துவிடும்.

எனவே நேரத்தைச் சில நிமிடங்களுக்குள் வைத்துக்கொண்டு, முதலில் டோஸை மாற்றிப் பாருங்கள். வயதைப் பிறகு தொடலாம். அப்புறம், நான் பார்த்தவரை பலர் கோட்டைவிடுவது ஒப்பீட்டுக் கருக்களில்தான். கதிர் படாத கருக்களையும் அதே நேரம் 28.5 டிகிரி அடைகாப்பானுக்கு வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்தால் வளர்ச்சி தாமதப்படும். அவற்றிலும் இயல்பாகவே சில புள்ளிகள் ஒளிரும். அவற்றையும் எண்ணிக் கழித்த பிறகே கதிரின் மேல் பழி போடலாம்.