வாசகர் கேள்வி பதில்: இருபது தளங்களா, ஒரு தளமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். பொருள்களைப் பற்றி எழுதி, வாசகர் எங்கள் இணைப்பு வழியாக அமேசானுக்குச் சென்று வாங்கினால் தரகு பெறும் ‘அபிலியேட்’ முறையில், நண்பர் இருவருடன் சேர்ந்து 20 சிறு இணையத்தளங்களைத் தொடங்க எண்ணியுள்ளேன். ஒவ்வொன்றும் மாதம் 50 டொலர் தந்தால் மொத்தம் 1,000 டொலர் என்பது எங்கள் கணக்கு. கைவிடப்பட்ட பழைய டொமைன்களை (இணையத்தள முகவரிகளை) வாங்கி, கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவால் எழுதுவித்து, தளங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கூகுளில் விரைவாக மேலே வரலாம் என்கிறார்கள். முதலுக்கு அக்கா தன் காப்புகளை அடைவு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். தொடங்கலாமா?
— வாசகர், கொக்குவில்

பதில்: முதலில் காப்புகள் அக்காவின் கையிலேயே இருக்கட்டும். இத்தொழிலைத் தொடங்க ஒரு டொமைனுக்கும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் எளிய ஹோஸ்டிங் சேவைக்கும் ஓராண்டுக்குச் செலுத்தும் கட்டணமே போதும். உங்கள் திட்டத்தில் செலவு கூடுவதற்குக் காரணம், எழுதுவதற்கு வேண்டிய அறிவையும் காலத்தையும் பணம் கொடுத்து ஈடுசெய்யப் பார்ப்பதுதான்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று குறுக்குவழிகளையும் கூகுள் வெளிப்படையாகவே தடை செய்துள்ளது. தேடலில் மேலே வருவதற்காகவே காலாவதியான டொமைன்களை வாங்கிப் பயன்படுத்துவதும், வாசகருக்குப் பயன் இல்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதும் முறைகேடுகள் என 2024 மார்ச்சில் அது அறிவித்தது. பிந்திய விதி செயற்கை நுண்ணறிவை மட்டும் குறிவைத்தது அன்று. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், நோக்கம் தேடல் வரிசையை ஏமாற்றுவதானால் அது குற்றமே. சொந்தத் தளங்களைத் தமக்குள் இணைத்து மதிப்பை உயர்த்திக்காட்டும் வழி இன்னும் பழையது. 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் வந்த ‘பெங்குயின்’ மாற்றம் செயற்கை இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2014 இல் இத்தகைய தளவலைகள் பல நேரடியாகவே தண்டிக்கப்பட்டன.

இருபது தளங்கள் இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை மறுபுறமாக இருக்கிறது. இருபதும் ஒரே அமேசான் அபிலியேட் கணக்கில்தான் தங்கி நிற்கும். ஒரு தளத்தில் செய்யும் விதிமீறலுக்காகக் கணக்கு மூடப்பட்டால் மற்றப் பத்தொன்பதின் வருமானமும் அன்றோடு நின்றுபோகும். புதிய கணக்கில் முதல் 180 நாள்களுக்குள் தகுதியான 3 விற்பனைகளாவது நிகழாவிட்டாலும் அது மூடப்படும். உங்கள் சொந்த இணைப்பு வழியாக நீங்களே வாங்கினால் அது அந்த மூன்றில் எண்ணப்படாது.

தரகு எவ்வளவு என்பதையும் பாருங்கள். அமேசானின் அமெரிக்கக் கடையில் சமையலறைப் பொருளுக்கான தரகு 4.5 வீதம், 80 டொலர் மிக்சி ஒன்று விற்றால் உங்களுக்கு 3 டொலர் 60 சதம். இணைப்பை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் பொதுவாக அதுவும் கிடைக்கும். ஆகவே மாதம் 50 டொலர் என்றால் ஏறத்தாழ 14 மிக்சிகள்; இருபது தளங்களுக்கு ஏறத்தாழ 280. இந்த வீதங்களும் நிலையானவை அல்ல: 2020 ஏப்ரலில் அமேசான் தளபாடங்களுக்கான தரகை 8 வீதத்திலிருந்து 3 வீதமாகக் குறைத்தபோது, அதை நம்பியிருந்த தளங்களின் வருமானம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது.

இனி, ஒரு தளம் என்றால் எதைப் பற்றி என்பதற்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சமையலுக்கு வெளிநாட்டில் வேண்டியிருக்கும் பாத்திரங்களையும் கருவிகளையும் எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவில் குடியேறிய ஒருவர் இங்கிருந்து மிக்சியைக் கொண்டுபோகலாமா என்று தேடுகிறார். இங்கே மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் (மின்னோட்டம் ஒரு செக்கனில் மாறிவரும் தடவை). கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ். நிலைமாற்றி வைத்தால் வோல்ற்றளவு மாறுமே தவிர ஹேட்ஸ் மாறாது. ஆகவே ஹேட்ஸுக்கு ஏற்பச் சுழலும் தூண்டல் மோட்டர் உள்ள மாவரைக்கும் கிரைண்டர் அங்கே வேறு வேகத்தில் சுழலும். 750 வாற்று மிக்சிக்கு அதைவிடக் கூடிய வலுவுள்ள நிலைமாற்றி வேண்டும். அந்தச் செலவையும் கூட்டினால் அந்நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட மிக்சியை அங்கே வாங்குவது இலாபமா என்பதே அவருக்கு வேண்டிய பதில். அதுபோலவே நீத்துப்பெட்டி எந்த வாயளவுள்ள பானையில் சரியாக அமரும், அது கிடைக்காத ஊரில் பிட்டு அவிக்க எதை வாங்கலாம், எந்த இடியப்ப உரல் அரிசிமாவுக்குக் கைநோகாமல் பிழியும் என்பவற்றை உங்கள் வீட்டுக் குசினியிலேயே செய்துபார்த்து, நீங்களே படமெடுத்து எழுதலாம். அடுப்படியில் நின்று பார்க்காதவர் இவற்றை எழுத முடியாது. இப்படி முப்பது நாற்பது கட்டுரைகள் எழுதி, தேடி வருவோர் நிலையாகப் பெருகிய பின்னரே இரண்டாவது தளத்தைப் பற்றி மூவரும் இருந்து பேசுங்கள்.

கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் அமேசான் அபிலியேட் திட்டங்களில் தனித்தனியாகப் பதிய வேண்டும். ரொறன்ரோ வாசகரை அமெரிக்கக் கடைக்கு அனுப்பிப் பயனில்லை. தரகு பெறுகிறீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சட்டமும் அமேசானும் அதைக் கேட்கின்றன. அதற்கு மேலாக, உங்கள் சொல்லை நம்பிப் பணம் செலவிடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அபிலியேட் வருமானம் யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்து சேரும்? கனடாவிலுள்ள சித்தப்பாவின் பெயரில் அபிலியேட் கணக்குத் திறக்கலாமா? வரி உண்டா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: சித்தப்பாவின் பெயரில் வேண்டாம், வருமானமும் வரிப்பொறுப்பும் சட்டப்படி அவருடையதாகிவிடும். உங்கள் பெயரிலேயே பதிந்து, அமெரிக்கர் அல்லாதோருக்கான டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். பயோனியர் போன்ற இணையவழிப் பணச் சேவை தரும் பெறுகைக் கணக்கின் வழியாக உள்ளூர் வங்கிக்குப் பணத்தைக் கொண்டுவரலாம். அமேசான் நேரடி வைப்பாக அனுப்புவதற்குக் குறைந்தபட்சம் 10 டொலர் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் உழைத்தது, அம்மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்களுக்குப் பின்னரே வரும். எனவே முதல் மாதங்களின் வீட்டுச் செலவுக்கு இதை எதிர்பார்த்திருக்காதீர்கள்.

வெளிநாட்டு நாணயத்தில் ஈட்டும் இத்தகைய சேவை வருமானத்துக்கு முன்னர் இருந்த விலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் உச்சமாக 15 வீத வரி விதிக்கப்படுகிறது. தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு நிவாரணம் உண்டு. அத்தொகையை எட்டாவிட்டாலும் வங்கிக்கு வந்த ஒவ்வொரு தொகையின் பற்றுச்சீட்டையும் முதல் மாதத்திலிருந்தே கோவைப்படுத்தி வையுங்கள்.